ஆறாவது அர்த்தம்

"எலி, மாட்டிக்கிச்சு," என்றார் ஆசிரியர்.

அவர் சிரித்துப் பார்த்தவர்கள் எங்கள் ஆபீஸில் குறைவு. அன்றைக்குச் சிரித்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய நீல அட்டைப் புத்தகம் ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை நகர்த்திவிட்டு, மேஜை விளிம்புக்கு நேராக அதை ஒழுங்குபடுத்தினார்.

"எந்த எலி சார்?"

"நம்ம பொறியில விழுந்த எலி. எட்டு வருஷமா, காத்துக்கிட்டு இருந்தோமே."

அவர் பேச்சில் நடுநடுவே நின்று மூச்சு வாங்குவார். அதனால் ஆபீஸில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

நான் புத்தகத்தைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. அதன் முதல் பிரதியை இரண்டு மாதத்துக்கு முன்னால் என் கையில்தான் கொடுத்திருந்தான் என் கொழுந்தன். 'நூறு விசித்திரச் சொற்கள்' என்று பெயர். நூறு ஆங்கில வார்த்தைகள், ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எப்படியெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டது என்று ஒவ்வொரு பக்கம்.

பொறி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஆங்கிலம் தமிழ் அகராதி ஆபீஸ். மாடியில் இரண்டு அறைகள், சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், பெட்டி முழுக்க அட்டைகள், அட்டைக்கு ஒரு வார்த்தை. ஒரு பதிப்பு வர எட்டு, ஒன்பது வருஷம் ஆகும். அதை ஒருத்தன் எட்டு நாளில் பார்த்து எழுதிவிட்டு, "நானும் தேடித்தான் எழுதினேன்" என்று சொன்னால் என்ன செய்வது? வார்த்தை யாருக்கும் சொந்தமில்லையே. அதனால் பதிப்புக்கு ஒரு பொய். ஒன்றே ஒன்று. அதை உண்டாக்குகிறவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யார் புத்தகத்திலாவது அந்தப் பொய் தலையைக் காட்டினால், அது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். இந்தத் தொழிலில் இது புதுசு இல்லை.

போன பதிப்புக்குப் பொறி வைத்தது நான்.

"புதுசா ஒரு வார்த்தையையே உண்டாக்கிடட்டுமா சார்?" என்று அப்போது கேட்டேன்.

"வேண்டாம். அது தனியாத் தெரியும். நிஜமான வார்த்தையா, ஒண்ணு எடுங்க. நிஜமான அர்த்தங்களுக்குக் கீழ, ஒரே ஒரு பொய். பால்ல தண்ணி மாதிரி."

நான் எடுத்தது காஸமர் என்ற வார்த்தை.

அது நல்ல வார்த்தை. கூஸ் என்றால் வாத்து, சம்மர் என்றால் கோடை. இரண்டும் ஒட்டித் தேய்ந்துதான் காஸமர் ஆனது என்கிறார்கள், அதற்கும் முன்னால் ஒரு 'அநேகமாக' போட்டுத்தான் சொல்கிறார்கள். குளிர் ஆரம்பிப்பதற்கு முன்னால் குளிர் நாடுகளில் சில நாள் வெயில் திரும்பி வருமாம். வாத்துக்கறி சாப்பிடும் காலம் அது, வாத்துக் கோடை. அந்த நாட்களில்தான் குட்டிச் சிலந்திகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகும். வயல் முழுக்க மினுமினுக்கும். பருவத்தின் பெயர் நூலுக்கு வந்துவிட்டது. நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத காலத்தில், வெயிலில் கருகிய பனி என்றும் நினைத்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் அதே பருவத்துக்குக் கிழவிக் கோடை என்று பேர் வைத்திருக்கிறார்கள். "நம்ம ரெண்டு பேர் காலம்தான்," என்று பக்கத்து மேஜை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அர்த்தங்கள் ஐந்து. மிதக்கும் சிலந்தி நூல். அதைப்போல லேசான எதுவும். மெல்லிய வலைத்துணி. லேசான மழைக்கோட்டு. ஒரு காலத்தில் பட்டுத் தொப்பி ஒன்றுக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

ஆறாவதை நான் எழுதினேன். 'கண்ணாடியில் படிந்து உடனே மறையும் மூச்சுப் படலம். (கண்ணாடிப் பட்டறைத் தொழிலாளர் வழக்கு.)'

அப்படி எந்தப் பட்டறையிலும் யாரும் சொன்னதில்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தபோது எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். ஆசிரியர் அட்டையைப் படித்துவிட்டு, "நிஜத்தைவிட, நல்லா இருக்கே," என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறை. அதுவும் பொய்க்கு.

இப்போது அவர் நீலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, அறுபத்தி மூணாம் பக்கம். ஆறும் அப்படியே. அஞ்சுக்கு, எந்தெந்த லைப்ரரியில எந்தப் புத்தகம்னு கீழ போட்டிருக்கார். ஆறாவதுக்கு மட்டும், 'கேட்டு உறுதி செய்தது'ன்னு போட்டிருக்கார். யாரைக் கேட்டாராம்?"

நான் பேனா மூடியைக் கழற்றினேன், மூடினேன்.

"முதல் பக்கம் அதைவிட வேடிக்கை. 'எந்தச் சொல்லையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த அண்ணிக்கு.' யாரோ ஒரு அண்ணியாம். அந்தம்மா, சரியாச் சொல்லிக்கொடுக்கல போல."

நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன்.

"ஆள் யாருன்னு, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றேன்.

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு தரம் சொன்ன பிறகு, அதற்கு முட்டுக்கொடுக்கத்தானே மனசு பார்க்கிறது.

"அப்போ கடிதத்தை நீங்களே எழுதிடுங்க. உங்க கைதான், சுத்தமா இருக்கும்."

எழுதினேன். எங்கள் அகராதியில் காப்புக்காகச் சேர்க்கப்பட்டதும் வழக்கில் இல்லாததுமான ஒரு பொருளைத் தாங்கள் எடுத்தாண்டிருக்கிறீர்கள். விற்பனையை நிறுத்த வேண்டும். பார்த்து எழுதினேன் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும், அது எங்கள் மாத இதழில் வெளியாகும். புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரவும். டைப் அடித்து முடித்து, ஒரு இடத்தில் விட்டுப்போன ஒற்றையும் போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினேன். உறைமேல் விலாசம் டைப் அடிக்கும்போது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய கதவு எண்ணைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தேன், பக்கத்து மேஜைக்குத் தெரியட்டும் என்று.

என் கொழுந்தன் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். தெருத் தெருவாகப் போய், வீட்டுப் பின்பக்கம் குனிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவனை டிக்ஷனரி என்று கூப்பிடுவார்கள். பைக்குள் எப்போதும் ஒன்று இருக்கும். "நாய் வந்தா எறியறதுக்கும் ஆகும் அண்ணி," என்பான். இதுவரை எறிந்ததில்லை, கடிதான் வாங்கியிருக்கிறான். என் வீட்டுக்காரர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து குழாய், பல்பு, கதவுக் கொக்கி எல்லாம் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வார்த்தை பேசுவான். அவன் அண்ணன் உட்காரும் நாற்காலியில் உட்கார மாட்டான், அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவான்.

போன வருஷம் ஒரு ஞாயிறு, கையில் ஒரு தாளோடு வந்தான்.

"அண்ணி, ஒரு சந்தேகம். இந்தக் காஸமர் இருக்கே."

எனக்கு அப்போதே திக்கென்றது. "என்ன அதுக்கு?"

"மூணு லைப்ரரி பார்த்துட்டேன். எல்லாத்துலயும் அஞ்சு அர்த்தம்தான். உங்க அகராதியில மட்டும் ஆறு."

"எங்களது பெரிசு."

"தெரியும். ஆனா எங்கயும் இல்லையே. ஒரு கண்ணாடிக் கடைக்காரரைக்கூடக் கேட்டேன். 'உங்க தொழில்ல மூச்சுப் படலத்துக்கு ஏதாவது பேர் உண்டா'ன்னு. அவர், 'அளவு கொண்டு வந்தீங்களா சார்'ங்கறார்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தாளைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஆறுலயும் இதுதான் அண்ணி அழகு. மத்ததெல்லாம் யாரோ துணிக்கும் தொப்பிக்கும் பேர் வச்சது. இது அப்படி இல்ல. வேலை செஞ்சுகிட்டே இருந்த ஒருத்தர், கண்ணாடியில தன் மூச்சே படியறதைப் பார்த்துட்டு, இதுக்கு ஒரு பேர் வேணுமேன்னு நினைச்சிருக்கார் பாருங்க. அவர் யாரா இருந்தாலும் பெரிய மனசுக்காரர். நிஜம்தானே அண்ணி? நீங்க சரின்னா நான் சேர்த்துக்கறேன். இல்லன்னா விட்டுடறேன்."

அடுப்பில் டீ கொதித்துப் பொங்க வந்தது. அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நிஜம்தான்," என்றேன். "சேர்த்துக்கோ."

"உங்க அகராதி பேரைக் கீழ போடணுமே?"

"வேண்டாம். அனுமதி, கடிதம், அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. கேட்டு உறுதி செஞ்சதுன்னு போட்டுக்கோ. என் பேரும் வேண்டாம்."

ஆபீஸ் ரகசியம், வெளியே சொல்லக் கூடாது, நான் என்ன செய்ய முடியும் என்று அன்று ராத்திரி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு தூங்கியும் விட்டேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வரவில்லை, அவன் மனைவி, என் ஓரகத்தியும் கூட வந்தாள். அவள் ஒரு துணி வெளுக்கும் கடையில் கல்லாவில் இருக்கிறாள். எதையும் மடித்துப் பேசத் தெரியாது.

"டீ அப்புறம் போடலாம் அக்கா. முதல்ல இதைப் படிங்க. உங்க ஆபீஸ்தானே?"

என் கடிதத்தை நானே புதுசாகப் படிக்கிற மாதிரி படித்தேன். எத்தனை நேரம் படித்தால் இயற்கையாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"எங்க ஆபீஸ்தான்."

"எவ்வளவு நல்லாத் திட்டியிருக்காங்க பாருங்க. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மூஞ்சியில துப்பின மாதிரியே இருக்கு, ஆனா எச்சில் படல."

"சும்மா இரு," என்றான் அவன். "அண்ணி என்ன பண்ணுவாங்க?"

"நான் அவங்களைச் சொல்லல. எழுதினவங்களைச் சொல்றேன்."

நான் கடிதத்தை மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்து மடித்தேன்.

அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "எனக்கு ஒண்ணுதான் அண்ணி தாங்கல. உங்களுக்கே சொல்லாம வச்சிருக்காங்களே. நீங்க பாவம், நிஜம்னு நம்பி எனக்குச் சொன்னீங்க. இருபத்தெட்டு வருஷம் உழைச்சவங்களையே நம்பாம ஒரு பொய்யைச் சொருகி வச்சிருக்காங்க. உங்களையும் சேர்த்துத்தான் ஏமாத்தியிருக்காங்க."

"இல்ல... அது வந்து..."

"விடுங்க. நீங்க எதுக்குச் சங்கடப்படறீங்க? உங்களை எதுவும் கேக்க வரல நான்."

"நான் கேக்கத்தான் வந்தேன்," என்றாள் ஓரகத்தி. "அக்கா, இவர் என்ன சொல்றார் தெரியுமா? புதன்கிழமை போய்ப் பார்த்து எழுதினேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்துடுவாராம். 'உங்க ஆபீஸ்ல இருக்கிற ஆள்கிட்டயே கேட்டுத்தான்யா எழுதினேன்'னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

"அண்ணி பேரு புதுப் பதிப்புல முதல் பக்கத்துல வருது. துணை ஆசிரியர்னு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் வருது. நான் போய் அதைக் கெடுக்கவா?"

"உங்க பேரு?"

"என் பேருக்கு என்ன? நான் மீட்டர் பார்க்கிறவன். திருடன்னு சொன்னா மீட்டர் தப்பாவா ஓடப்போகுது?"

"மீட்டர் ஓடும். எனக்குத்தான் தெருவுல நடக்க முடியாது. கடைக்குத் துணி போட வர்ற ரெண்டு டீச்சர்கிட்ட நானே இந்தப் புத்தகத்தைக் கொடுத்து, 'எங்க வீட்டுக்காரர் எழுதினது'ன்னு சொன்னேன். அவங்க சொல்லித்தான் பள்ளிக்கூட லைப்ரரி லிஸ்ட்ல போன மாசம் சேர்த்தாங்க. அதுல இருந்து பேரை அடிப்பாங்க இல்ல? பதினோரு வருஷம் ராப்பகலா எழுதினாரே அக்கா. தொண்ணூத்தி ஒன்பது வார்த்தைக்கு எங்க பார்த்தேன், எந்தப் பக்கம்னு எழுதி வச்சிருக்கார். ஒண்ணே ஒண்ணு..." சொல்லி முடிக்காமல் என்மேல் பாய்ந்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன் இவருக்கு."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். என் வீடு, என் மேஜை, கதவு சாத்தியிருந்தது, மூன்று பேர்தான் இருந்தோம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது இதுதான்:

"டீ ஆறிடும். இருங்க, கொண்டு வரேன்."

அவன் கிளம்பும்போது வாசலில் நின்று, "புதன்கிழமை என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க அண்ணி. யாரோன்னு இருங்க," என்றான். வழக்கம்போல என் வீட்டு மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டான். கல்யாண வீட்டுக்குப் போடுகிற சட்டை. பையில் டிக்ஷனரி இல்லை போலிருக்கிறது, பை தொளதொளவென்று தொங்கியது. என் மேஜையைத் தாண்டிப் போகும்போது, "வணக்கம் மேடம்," என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

பத்து நிமிஷத்தில் ஆசிரியர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். டைப் செய்த வாக்குமூலம் இரண்டு பிரதி கொண்டுபோனேன். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஆசிரியர் கடுமையாகவெல்லாம் இல்லை. அவனுக்கு டீ வரவழைத்திருந்தார். அவன் குடிக்கவில்லை.

"படிச்சுப் பார்த்து, கையெழுத்துப் போடுங்க."

அவன் படித்தான். விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். "ஒரு சின்னத் திருத்தம் பண்ணலாமா சார்? இங்க, 'தெரிந்தே எடுத்தாண்டேன்'னு இருக்கு. 'தெரிந்தே'யை எடுத்துட்டா..."

"தெரியாம எப்படி சார், எடுக்க முடியும்? எங்க அகராதியைத் தவிர, அந்த அர்த்தம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது."

"பார்த்தேன் சார். பார்த்ததை இல்லைன்னு சொல்லல. பார்த்துட்டு, சந்தேகப்பட்டு, கேட்டேன்."

"அதான், 'கேட்டு உறுதி செய்தது'ன்னு போட்டிருக்கீங்களே. யாரைக் கேட்டீங்க?"

"ஒருத்தரை."

"அவர் பேரைச் சொல்லுங்க. சொன்னா, இந்தத் தாளே வேண்டாம்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அட்டைப் பெட்டிகளைப் பார்த்தான். நான் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அது வேண்டாம் சார். 'தெரிந்தே'ன்னே இருக்கட்டும். பேனா இருக்கா?"

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். தாளை இடது கையால் அழுத்திப் பிடித்தான்.

"என்னைத்தான் கேட்டார்," என்றேன்.

ஆசிரியர், நான் வேறு எதையோ பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துத் திரும்பினார்.

"என்ன?"

"இவர் என் கொழுந்தன். அந்தப் புத்தகத்துல இருக்கிற அண்ணி நான்தான். இது நிஜமான்னு என் வீட்டுக்கு வந்து கேட்டார். நிஜம்னு சொன்னேன். அகராதி பேரைப் போட வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்."

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்களும் நம்பித்தான் சொன்னாங்க. அவங்களை ஒண்ணும்..."

"எனக்குத் தெரியும்டா," என்றேன். இத்தனை வருஷத்தில் அவனை 'டா' போட்டதில்லை. "அந்த அர்த்தத்தை உண்டாக்கினதே நான்தான். இவங்க அகராதிக்குப் பொறி வச்சது நான். அந்தக் கடிதத்தை உனக்கு எழுதினதும் நான்."

அவன் பேனாவை மேஜைமேல் வைத்தான். அது உருண்டு தாளின் ஓரத்தில் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

ஆசிரியர் வாக்குமூலம் இரண்டு பிரதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நான்காகக் கிழித்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, எங்கேயும் நிற்காமல் பேசினார்: "எங்க ஆளைக் கேட்டு எழுதினவரை நாங்க திருடன்னு சொல்ல முடியாது நீங்க போகலாம் சார் மன்னிச்சுக்கோங்க."

அவன் கும்பிட்டான். அவரை மட்டும். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது, நிதானமாக, ஒவ்வொரு படியாக.

"ரெண்டே பேருக்குத் தெரிஞ்ச விஷயம்," என்றார் ஆசிரியர், கிழித்த தாளைப் பார்த்துக்கொண்டு. "அதுல ஒருத்தர் நீங்க. 'தெரியாது'ன்னு வேற, சொன்னீங்க."

"ஆமா சார்."

"முதல் பக்கத்தைப் பத்தி, யோசிக்கணும்."

"யோசிங்க சார்."

புதுப் பதிப்பு என் பேர் இல்லாமல்தான் வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொறிதான். ஆனால் அது சின்ன வருத்தம். பெரியது அந்தப் புதனுக்கு அடுத்த ஞாயிறே வந்தது. அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு நானே போனேன். ஓரகத்திதான் கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

"திருடன்னு பேர் வராமப் பண்ணிட்டீங்க, அதுக்கு நன்றி அக்கா," என்றாள். "ஆனா அன்னிக்கு உங்க வீட்டுலயே சொல்லியிருக்கலாம். வேத்து மனுஷன் முன்னாடி உட்கார வச்சா அவர் தெரிஞ்சுக்கணும்? அன்னிக்குச் சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தார்."

"தப்புதான்."

"தப்புதான்," என்று அவளும் சொன்னாள். "வாங்க. உள்ள வேலையா இருக்கார்."

மேஜைமேல், நாற்காலிமேல், தரையில், எங்கே பார்த்தாலும் நீலப் புத்தகம். நடுவில் அவன் ஒரு இரும்பு ஸ்கேலும் கறுப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புத்தகத்தைத் திறந்து, அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, ஆறாவது அர்த்தத்தின்மேல் இரண்டு வரிக்கு இரண்டு கோடு. மை காயும்வரை ஊதுவான். மூடி அந்தப் பக்கம் வைப்பான். அடுத்தது.

"எத்தனை இருக்கு?" என்றேன்.

"முன்னூத்தி நாப்பது."

எதிரே உட்கார்ந்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரகத்தி எங்கிருந்தோ இன்னொரு ஸ்கேல் கொண்டு வந்து வைத்தாள், மரத்தில். நானும் திறந்தேன், கோடு போட்டேன், ஊதினேன். பத்து, பதினைந்து புத்தகம் போயிற்று.

"வித்தது?"

"நூத்தி அறுபது. பாதிக்கு மேல நான் மீட்டர் பார்க்கிற வீடுங்கதான். போகும்போது கேட்டு வாங்கி, கோடு போட்டுக் கொடுத்துட்டு வரேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"தப்பா எழுதிட்டேன்னு சொல்றேன். யார் தப்புன்னு அவங்க கேக்கப்போறதில்ல."

"பள்ளிக்கூட லிஸ்ட்?"

"இருக்கு. திருத்தின பிரதி அனுப்பணும்னு நானே எழுதிக் கேட்டுக்கிட்டேன்."

இன்னும் நாலு புத்தகத்துக்குக் கோடு போட்டான். பிறகு தலை நிமிராமலே கேட்டான்.

"ரகசியத்தை நீங்க வெளிய சொல்ல முடியாது. அது எனக்குப் புரியுது. ஆனா 'விட்டுடு'ன்னு சொல்லியிருக்கலாமே. 'நல்லா இல்ல, சேர்க்காதே'ன்னு ஒரு வார்த்தை. ஏன்னுகூட நான் கேட்டிருக்க மாட்டேன். விட்டுடறேன்னுதானே சொன்னேன். ஏன் சரின்னு சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்குப் போன வருஷத்திலிருந்தே எனக்குள் வேறு ஒரு பதில் தயாராக இருந்தது. ஆபீஸ், ரகசியம், பயம் என்று. அதை எடுத்துப் பார்த்தேன். அவன் முன்னால் அது நிற்கவில்லை.

"நீ அழகா இருக்குன்னு சொன்ன," என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"ஆறுலயும் இதுதான் அழகுன்னு சொன்ன. எழுதினவர் பெரிய மனசுக்காரர்னு சொன்ன. இருபத்தெட்டு வருஷமா அடுத்தவங்க வார்த்தையை அட்டையில எழுதிட்டு இருந்திருக்கேன். நானா எழுதினது அது ஒண்ணுதான். அதை ஒருத்தர் புத்தகத்துல பார்க்கணும்னு ஆசையா இருந்தது. விட்டுடுன்னு சொல்ல வாய் வரல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்; திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், இன்னும் கோடு போடாத அந்த இரண்டு வரியை ஒரு தரம் படித்தான்.

"எனக்கு இப்பவும் அது பிடிச்சிருக்கு," என்றான். "அதுதான் கோபமா வருது."

கோட்டைப் போட்டான்.

"அக்கா," என்றாள் ஓரகத்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து, "உங்க கோட்டுக்கு அடியில எழுத்து தெரியுது. அழுத்திப் போடுங்க."

நான் ஸ்கேலைத் திரும்ப வைத்து, இன்னொரு தரம் போட்டேன்.